பேர் உள்ள பக்கம்

புயல் போன நாலாம் நாள்
நாகப்பட்டினத்திலிருந்து லாரி வந்தது.
நீலத் தார்ப்பாய் நானூறு.
ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளை எழுத்தில்
கர்த்தர் நல்லவர்.
எண்ணி இறக்கியவன் நான்.
நூற்றி எழுபது என்று எழுதியவனும் நான்,
சபைப் பொருளாளர், பேர் பரிசுத்தம்.
சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

மிச்சம் இருநூற்று முப்பதும்
கோயில் பின்கட்டில் இரண்டு ராத்திரி கிடந்தது.
கூரை போன வீடுகளில் பிள்ளைகள்
உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கின.
மூன்றாம் ராத்திரி டிராக்டரோடு வந்த
செயலர் எபநேசர்
"ஆலய மதிலுக்குத்தானே" என்றார்.
மதில் இன்னும் எழவில்லை.
என் வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ் வந்தது.

திருத்துறைப்பூண்டிச் சந்தையில்
ஒன்று முந்நூறு ரூபாய் என்று போனது அந்தப் பேர்.
பிறகு நான் எங்கே போனாலும்
எனக்கு முன்னால் போயிருந்தது.
காத்தமுத்துவின் வாத்துப்பட்டியில்
அறுத்துக் கட்டியது போக
'கர்த்' மட்டும் தெரிந்தது.
முள்ளியாற்றுப் பாலத்து டீக்கடையில்
வெயிலுக்கு மறைப்பாக 'தர் நல்'.
டாஸ்மாக்குக்குப் பின்னால் பார் கொட்டகையில்
'நல்லவர்' முழுசாக இருந்தது.
அதன் அடியில் உட்கார்ந்து குடித்தவர்கள்
ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டார்கள்.
"ஏம்ப்பா, இது ஒங்க சாமி பேருதான?
ஏலத்துல விட்டுட்டீங்களா?"
கேட்டவன் குடித்திருந்தான்.
குடிக்காத என்னிடம்
பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும்
எல்லாருக்கும் மனப்பாடமான அந்த ஜெபத்தில்
முதல் வரி வந்ததும்
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
உதட்டை மட்டும் அசைப்பேன்.
பக்கத்தில் எபநேசர் உரக்கச் சொல்வார்.

தை கடைசி.
கொள்முதல் நிலைய வாசலில் பதினோரு நாளாய்
வைரக்கண்ணுவின் சம்பா கிடந்தது.
குத்தகை நிலம்,
சம்சாரத்தின் தோட்டை வைத்துப் போட்ட உரம்.
ஈரப்பதம் கூட என்றது கருவி,
நாளைக்கு வா என்றான் கருவி வைத்திருந்தவன்.
நாளைக்கு மழை வந்தது.
தை மழை நெய் மழை என்று சொன்னவன் எவனோ,
அறுத்துக் குவித்தவனாக இருக்க மாட்டான்.

சனங்கள் சாக்கையும் சேலையையும்
தேர்தல் பேனரையும் தூக்கிக்கொண்டு ஓட,
வைரக்கண்ணு ஒரு நீலச் சுருட்டை உதறினான்.
முழுத் தார்ப்பாய்.
ஓரெழுத்தும் அறுபடாதது.
"பேர் உள்ள பக்கம் மேல வரட்டும்டா.
யாரும் மிதிச்சிடாதீங்க, சாமி பேரு."
வீரனாருக்குக் கிடா நேர்ந்துவிட்டிருந்தவன் அவன்.
எந்த சாமி என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

நானும் ஒரு மூலையைப் பிடித்திருந்தேன்.
விடிய விடியப் பெய்தது.
எழுத்தின் மேல் தேங்கிய தண்ணீர்
சரிந்து என் காலில் கொட்டியது.
நெல் நனையவில்லை.

குரல் எதுவும் கேட்கவில்லை எனக்கு.
அப்படிப்பட்ட ஆள் இல்லை நான்.
ஆனாலும் முழங்கால் சேற்றில் நின்றபடி
ஒன்று தெரிந்தது:
இது உனக்காக இல்லை.
உன் மதிலுக்காக இல்லை,
இப்போது வருகிறதே இந்த அழுகை,
இதற்காகவும் இல்லை.
நீ விற்ற இடமெல்லாம் போய்
என் பேரை நானே
பார்த்துக்கொள்கிறேன்.

நெல் போட்ட மறுநாள்
வைரக்கண்ணு கோயில் கேட்டில் நின்றான்.
கழுவிக் காயவைத்து
எழுத்து மடங்காமல் மடித்திருந்தான்.
"புயலுக்கு வந்த பொருளாம்ல.
தெரியாம வாங்கிட்டேன்.
எங்கிட்ட இருக்கக் கூடாது."
முந்நூறை நீட்டினேன்.
என் கையைப் பார்த்தான், வாங்கவில்லை.

கணக்கு நோட்டை எடுத்தேன்.
நூற்றி எழுபதை அடித்து
மேலே நானூறு என்று எழுதினேன்.
பேனா இரண்டு தடவை மக்கர் செய்தது.
எபநேசர் கேட்டால் என்ன சொல்வது,
இன்னும் யோசிக்கவில்லை.
கீழே தேதி போட்டு
திரும்ப வரவு, ஒன்று.

இருநூற்று இருபத்தொன்பது
இன்னும் வெளியில் நனைந்துகொண்டிருக்கிறது.